எட்டாம் வண்டியில் ஒரு பழைய ஆட்டம்

செவ்வாய், வடக்கு முகாம், வண்டிக் கொட்டகை. எழுதுவது பொற்கொடி, வயரிங் உதவியாள்.

நாள் 212, 08:00
எட்டாம் வண்டி நிற்கிறது. ஆனாலும் பேட்டரி மணிக்கு ஐந்து சதவீதம் இறங்குகிறது. நிற்கும் வண்டியில் ஹீட்டருக்கு இரண்டுதான் போகும்.

09:00
புழுதிப் புயல். சூரியத் தகடுகள் பயனில்லை. வண்டியில் எபனேசர் அண்ணன் தனியாக, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். மணிக்கு ஒருமுறைதான் ரேடியோவைத் திறக்கிறார். பேட்டரி 26. புயல் மாலையில் அடங்கும்; 19:00க்கு மீட்பு வண்டி போய்ச் சேரும்.
"வளர்மதி, இங்க ஊட்டி ஹனிமூன் மாதிரி இருக்கு."
"தனியா என்ன ஹனிமூன்? வாயை மூடிக் கரன்ட்ட மிச்சம் பண்ணுங்க."
வளர்மதி அக்கா கொட்டகைப் பொறுப்பாளர். பேட்டரி பழசாகிவிட்டது என்கிறார்.

09:25
இதைப் படிப்பவர்களுக்கு: பேட்டரியில் பழுதில்லை.
அண்ணன் பூமியிலிருந்து கொண்டுவந்த, உள்ளங்கை அளவு பழைய கேம் கம்ப்யூட்டரை அந்த வண்டியில் நான்தான் பொருத்தினேன். வண்டிச் சாவியை அணைத்தால் கரன்ட் நின்று ஆட்டம் அழிந்துவிடும். "பதினேழாவது கட்டத்துல இருக்கேன், எப்படியாவது காப்பாத்து தங்கச்சி" என்றார். எப்போதும் மின்சாரம் ஓடும் ஹீட்டர் வயரில் இணைத்தேன். அவர் அணைப்பது திரையை மட்டும்தான். உள்ளே அதன் இன்வெர்ட்டர் கரன்ட்டைத் தின்றுகொண்டே இருக்கிறது.
இதை அவரிடம் சொல்லவில்லை. பதிவேட்டிலும் எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். அவர் "இன்ஜினியரம்மா" என்று கூப்பிட்டார். அது போய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

10:00
பேட்டரி 21. ரேடியோவைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். மைக் கைக்கெட்டும் தூரத்தில்.
"இன்ஜினியரம்மா இருக்காளா? ஆட்டத்த ஆன்கூடப் பண்ணலைன்னு சொல்லுங்க. அவ பேச மாட்டா, தலையாவது ஆட்டுவா."
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
தலையாட்டினேன்.

10:20
கணக்குப் போட்டேன். 11:00க்கு ஆட்டத்தின் வயரைப் பிடுங்கினால் 19:00 வரை ஹீட்டர் ஓடும். 12:00க்கு என்றால் ஓடாது; அண்ணன் குளிரில் உறைந்துவிடுவார்.

10:41
அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். மைக்கை என் பக்கம் தள்ளினார்.
"நீயே சொல்லு. எந்த வயர்னு உனக்குத்தான் தெரியும்."

11:00
அண்ணன் குரல் வரவில்லை. பேட்டரி அளவும் வரவில்லை.
"கரன்ட்ட மிச்சம் பண்ண, ரேடியோவக் கேக்குறதுக்கு மட்டும் திறந்து வச்சிருப்பாரு. சொல்லுடி" என்றார் அக்கா.

11:02
"அண்ணா, உங்க சீட்டுக்குக் கீழ சிவப்பு வயர். பிடுங்குங்க. நான் போட்டதுதான். பிடுங்குங்க."
அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.
மறுபடியும் சொன்னேன்.