ஓவியத்து மாடுகளுக்குப் பொட்டு

14 ஜனவரி, புதன். மார்கழி 30. போகி.
கடலூரில் கடும் பனி. காலைப் பேருந்தில் விசாலத்துடன் சிதம்பரம். இவ்வாண்டுதான் முதன்முறையாக அவள் தம்பி சேகர் வீட்டில் பொங்கல். எடுத்துக்கொண்டவை: மாத்திரை, துண்டு, பூதக்கண்ணாடி.

அவன் கூடத்தில் அந்த நீர்வண்ண ஓவியம். பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஏர் உழுபவன், இரண்டு வெள்ளை மாடுகள், வரப்பில் கஞ்சிக் கலயத்துடன் ஒருத்தி. மாமனார் இருந்தவரை அதை நின்று பார்த்தவன் நான் ஒருவனே. மகன் என்பதால் சேகருக்குப் போயிற்று. அவன் வீட்டு நாட்காட்டியில் இன்னும் ஜனவரி 1. நானே கிழித்தேன்.

15 ஜனவரி, வியாழன். தை 1.
பொங்கலில் வெல்லம் ஜாஸ்தி. வந்தவரெல்லாம் ஓவியத்தைப் புகழ, தானே வரைந்தவன்போல் சேகர் தலையாட்டினான். பொறுக்கவில்லை. அச்சுப்படம் என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன்.
"அப்பிடியா மாமா? நீங்களே பாத்துச் சொல்லுங்க." சிரிப்பு வேறு.
விசாலம் என் காதில்: "வயித்தெரிச்சல். வேற ஒண்ணும் இல்ல."
மாலையில் சட்டத்தைப் பிரித்து, அதன் கண்ணாடியை எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியால் ஆராய்ச்சி. அச்சுப் புள்ளிகள் தென்படவில்லை. வெளிச்சம் போதவில்லை என்றேன். நாளை மறுபடி பார்க்க வேண்டி, கண்ணாடி இல்லாமலே மாட்டி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

16 ஜனவரி, வெள்ளி. தை 2. மாட்டுப் பொங்கல்.
குளித்து வருவதற்குள் நடந்துவிட்டது. வீட்டு மாடுகளை விற்றபின், ஆண்டுதோறும் இந்நாளில் சேகரின் மனைவி மல்லிகா ஓவியத்து மாடுகளுக்குத்தான் கண்ணாடிமேல் சந்தனம், குங்குமம் வைப்பாளாம். எனக்குத் தெரியாது. இன்று ஈரவிரல் நேரே தாளில். இடப்பக்க மாட்டின் கொம்பு கரைந்து, சாம்பல் நிறம் முகத்தில் வழிந்துவிட்டது.
மல்லிகா அழுகை. "கண்ணாடிய யாரு எடுத்தது?"
நான்தான் என்றேன்.
சேகர் குனிந்து பார்த்தான். திட்டுவான் என நின்றேன். திட்டியிருக்கலாம்.
"அச்சடிச்சதா இருந்தா இப்பிடிக் கரையுமா மாமா? நெசம்! கையால தீட்டுனது!" என்னைக் கட்டிக்கொண்டான். அவன் சட்டையெல்லாம் சந்தனம்.

17 ஜனவரி, சனி. தை 3. காணும் பொங்கல்.
வெயில். காலை முதல் விருந்தினர். ஒவ்வொருவரையும் சுவரருகே அழைத்துப்போய்க் கறையைக் காட்டுகிறான். "எங்க மாமாதான் நிரூபிச்சுக் குடுத்தாரு!" நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.
விசாலம்: "வுடுங்க. இப்ப அந்தப் படத்துல உங்க கையும் இருக்குது இல்ல."
இருக்கிறது. அவன் சுவரில்.