ஆறாவது அறை

என்னவருக்கு,

மாட்டு மந்தையோடு டாட்ஜ் சிட்டி போய்ச் சேர்ந்தது தெரிந்தது. கடைசி வரியில் ஓர் உத்தரவும் போட்டிருக்கிறீர்கள்: தனியாக இருக்கிறாய், ரிவால்வரில் ஆறு குண்டும் போட்டு வை என்று. முடியாது.

சிலிண்டரின் ஓர் அறையில் ஒரு குண்டு போடுகிறேன், அடுத்த அறையைக் காலியாக விடுகிறேன், பிறகு நாலு. குண்டைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலை முழுக்கப் பின்னுக்கு இழுத்து மெல்ல இறக்கினால் அது காலி அறைமேல் வந்து உட்காருகிறது. அதன் பிறகுதான் இடுப்பில் செருகுகிறேன்.

நேற்று பக்கத்துப் பண்ணை ஹாலிஸ் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, அஞ்சுதானா? திருடங்க ஆறு பேரா வந்தா ஆறாவது ஆளுக்குக் காப்பி போட்டுக் குடுப்பீங்களோ?"

"குடுப்பேன். ஆறாவது குண்டு என்ன பண்ணும்னு என் தம்பியக் கேட்டுட்டு வாங்க. அந்த ஓக் மரத்தடியிலதான் படுத்திருக்கான்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

துப்பாக்கி வெடித்தது குதிரை மிரண்டதால்தான் என்று மூன்று கடிதத்திலும் எழுதிவிட்டீர்கள். குதிரை மிரளவில்லை. நீங்கள் சேண வாரை இறுக்கும்போது, சேணத்தின் முன்கொம்பில் தூக்கி மாட்டியிருந்த அங்கவடி, அந்தக் கால் வைக்கும் வளையம், நழுவி உங்கள் இடுப்புத் துப்பாக்கியின் சுத்தியலில் விழுந்தது; அதன் கீழே இருந்த ஆறாவது குண்டு வெடித்தது. தம்பி ஆரின் பக்கத்தில் குனிந்து லாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அங்கேதான் நின்றேன்.

நாலாவது கடிதம் வேண்டாம். நேரில் வாருங்கள். வாசலிலேயே நின்று, சிலிண்டரைச் சுழற்றி எனக்குக் காட்டுங்கள். ஐந்து இருந்தால் உள்ளே வரலாம். ஆறு இருந்தால், திருடனுக்குக் கொடுக்கும் காப்பிகூட உங்களுக்குக் கிடையாது.

இன்னமும்
உங்கள் மனைவி