கிடை போட்ட எட்டு நாள்

இலுப்பூர்,
பிப்ரவரி 23

அன்பு மகள் நான்சிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நீயும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நேற்றுப் பூசைக்கு நடந்தே வந்தாள். நேற்று போனில் நீ பேசியதிலிருந்து எனக்குத்தான் மனசு சரியில்லை. நம் வயலில் நீ வைத்துப்போன லேசர் பெட்டி ஒன்பதாம் தேதியிலிருந்து எட்டு நாள், சாயங்காலமானால் மீத்தேனை ஒன்றரை மடங்காகக் காட்டியது, அலைநீளம் தானாக நகர்கிறது போல, இரண்டு வருட வேலை வீண், வியாழக்கிழமை கூட்டத்தில் பழுது என்று சொல்லிவிடப்போகிறேன் என்றாய். சொல்லாதே. தப்பு என்னுடையது. வியாழனுக்குள் உனக்குக் கிடைக்கட்டும் என்று இந்தக் கடிதத்தைப் படமெடுத்துப் போனிலேயே அனுப்புகிறேன்.

அறுப்பு முடிந்ததும் எருவுக்காக வயலில் ஆட்டுக்கிடை போடுவோமே, இந்த வருடமும் போட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. கிடைக்காரி செவந்தியின் செம்மறிகள் முந்நூற்று நாற்பது, சாயங்காலம் ஆறு மணிக்கு அடைத்துக் காலை எட்டுக்கு ஓட்டிப்போவாள். மண்ணிலிருந்து வரும் வாயுவை அளக்கத்தானே அந்தப் பெட்டி, ஆட்டுக்கும் அதற்கும் என்ன என்று நினைத்து, ஆடு முட்டிவிடாமல் பெட்டியையும், லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் எதிர்க்கண்ணாடியையும் சுற்றி முள் வைத்து அடைத்ததோடு இருந்துவிட்டேன். இன்று காலை செவந்தியைத் தேடிப்போய்த் தேதிகளைக் கேட்டு எழுதிவந்தேன். ஒன்பது முதல் பதினாறு வரை. நடுவில் பதின்மூன்றாம் தேதி மட்டும் அளவு ஏறவில்லை என்றாயே, அன்று ஊசி போடப் பக்கத்து ஊருக்கு ஓட்டிப்போனவள் அங்கேயே அடைத்துவிட்டாளாம். ஆட்டு ஏப்பத்திலும் மீத்தேன் வாயு வருமாம் என்று விஷயத்தைச் சொன்னதும், எங்க ஆடு ஏப்பம் விட்டா சீமை வரைக்கும் தெரியுதாங்கய்யா என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. பிள்ளை அங்கிட்டு அழுதுக்கிட்டுக் கெடக்கு, இங்கிட்டு நீங்க முள்ளு வெட்டிப்போட்டுப் பெருமையடிச்சீங்களாக்கும் என்றாள். முப்பது வருடம் ஊரிலுள்ள எல்லோரையும் கேள்வி கேட்டு நிருபராக இருந்தவன், இப்போது என் தப்பையே செய்தியாக எழுத உட்கார்ந்தேன்.

ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல லேசரை மெல்லத் திருப்பி, ஒவ்வொரு வாயுவும் விழுங்கும் ஒளியைத் தேடுவோம் என்று சொன்னாயல்லவா, அமோனியாவுக்குரிய இடத்தில் அதே எட்டு நாளை எடுத்துப் பார். ஆட்டு மூத்திரம் அங்கே தெரிய வேண்டும். தெரிந்தால் உன் கருவி பொய் சொல்லவில்லை. தெரியாவிட்டால் நான் சொன்னதை நம்பாதே. அந்த எட்டு நாளையும் அழித்துவிடாதே அம்மா, காரணம் எழுதும் இடத்தில் நிலத்துக்காரர் சொல்லாமல் கிடை போட்டார் என்று என் பெயரையே போடு.

மாதா உன் கூடவே இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. நீ மறுபடி அளந்து சோதித்துப் பார்க்க, அடுத்த வாரம் இன்னும் இரண்டு நாள் கிடை வைக்கச் செவந்தி சம்மதித்திருக்கிறாள். கண்ணாடிக்கு எந்தப் பக்கம் அடைக்க வேண்டும் என்று நீ சொல்லும்வரை ஓர் ஆடும் வயலில் இறங்காது.

இப்படிக்கு
உன் அப்பா
மைக்கேல்சாமி