முப்பத்தொரு குதிரைகளுக்கு உரியவளுக்கு

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் காணி வழக்கொன்றுக்காக வம்சாவளிப் படம் ஒன்றைப் பிரதியெடுக்கக் கொண்டுவந்தார். இரண்டு தாள்களை ஒட்டி, உச்சியில் பாட்டன் பெயரை எழுதி, கீழே பெட்டி பெட்டியாகப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கோடு போட்டு இணைத்திருந்தார். கண்டியில் நீதிமன்றப் பக்கம் பிரதியெடுக்கும் கடை வைத்திருப்பவளுக்கு இது புதிதில்லை. பார்க்காமலே கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்திவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை. இரண்டு நாளைக்கு முன்புதான் கொடிகாமத்திலிருந்து உன் தம்பி பேசியிருந்தான். உனக்கு நெஞ்சு வருத்தம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது, எட்டுச் செலவுச் சடங்கும் கழிந்துவிட்டது என்றான்.

"என்ன மகள், மெஷின் பழுதா?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லங்க, கொஞ்சம் சூடாகட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ முதன்முதலாக வந்த நாளில் எனக்குச் சொந்தக் கடை இல்லை. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட இருந்த கொம்யூனிகேஷனில் வேலை செய்தேன். எங்கள் முஸ்லிம் முதலாளியை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஆறு கணினி, ஒரு ஸ்கேனர், இரண்டு தொலைபேசிக் கூண்டு. சமாதானம் முறிந்து சண்டை மறுபடி பிடித்திருந்த காலம். நீ அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞர். அம்பிட்டியவில் வாடகை அறையொன்றில் போடிங். நனையாமல் இருக்கப் பொலித்தீன் சுற்றிய உறையிலிருந்து நீ எடுத்தவை வாய்க்கால் படமோ பாலப் படமோ அல்ல, குதிரைகள். பென்சிலால் கீறியவை. பிடரி மயிருக்குப் பதிலாகக் கழுத்தில் பாசி தொங்கியது. சிலதுக்கு நெற்றியில் சின்னக் கொம்புகள்.

"குதிரைங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், குதிரைதான். வடிவா ஸ்கேன் பண்ணித் தாரும். கோடு மங்கக்கூடாது."

'தாரும்' என்றது எனக்குச் சிரிப்பாக இருந்தது. நான் பிறந்த மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

பிறகு சனிக்கிழமைதோறும் வந்தாய். இன்டர்நெட்டில் ஒரு குழு இருப்பதையும், ஏதோ குளிர்நாட்டுப் பெண் தொடங்கியது என்பதையும், உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் இல்லாத ஓர் இனக் குதிரையை வரைந்து வளர்க்கிறார்கள் என்பதையும் மெல்ல மெல்லச் சொன்னாய். முதலில் எனக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. அப்புறம் நீ சட்டங்களைக் காட்டினாய். தாயும் தகப்பனும் இல்லாமல் ஒரு குதிரை பிறக்க முடியாது. பெற்றதுகளின் நிறத்துக்குரிய எழுத்துக்களைப் பக்கத்தில் எழுத வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்தை மறைத்துவிடும். கொம்பு வேண்டுமென்றால் இரண்டு பக்கத்து வம்சத்திலும் கொம்பு இருக்க வேண்டும். ஒரு பெண்குதிரைக்கு வருடத்தில் இரண்டு குட்டிக்கு மேல் கிடையாது. இன்னொருவர் படத்தின் மேல் தாள் வைத்துக் கீறினால் குழுவிலிருந்து விலக்குவார்கள். ஒரு குதிரை செத்துவிட்டதென்று அதன் உரிமையாளர் மட்டும்தான் சொல்லலாம்.

சட்டங்களை எழுதி, வருகிற படங்களைச் சரிபார்த்த மூன்று பேரில் நீ ஒருத்தி. அது தெரிந்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒரு நாள் யாரோ அனுப்பிய நாவல் நிறக் குட்டி ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் கோபப்பட்டாய்.

"தாயும் கறுப்பு, தகப்பனும் கறுப்பு. இது எங்கயிருந்து வந்தது?"

"கற்பனக் குதிரதானே, வந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"கற்பனை எண்டபடியாத்தான் சட்டம் இறுக்கமா இருக்கோணும். இல்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம்." பிறகு திரையைப் பார்த்தபடியே, "இங்க எல்லாருக்கும் ஒரே சட்டம். வேற எங்க அப்பிடி இருக்கு, சொல்லும் பாப்பம்" என்றாய்.

அந்தக் கிழமைதான் உன் போடிங்கில் வடக்கிலிருந்து வந்தவர்களைப் பொலிஸார் மறுபடியும் பதிந்துகொண்டு போயிருந்தார்கள்.

உன் குதிரைகளுக்கு நீ வைத்த பெயர்களில் நான் அப்போது எந்தப் பிழையும் காணவில்லை. மாங்குளம், பரந்தன், ஆனையிறவு, பளை. வடக்குப் பாதை மூடப்பட்டுக் கொடிகாமத்தில் இருந்த அம்மாவிடம் போக முடியாமல் போனதிலிருந்து, வழியில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாகக் குட்டிகளுக்கு வைத்துக்கொண்டு வந்தாய். கொடிகாமத்தை மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

எங்கள் வீடு லயம் என்று நான் சொன்னபோது நீ குதிரை கட்டும் லாயம் என்று நினைத்துவிட்டாய். நான் சிரித்துச் சிரித்து, வரிசையாகப் பத்துக் காம்பிரா அறைகள், ஒரே கூரை, ஒரே தண்ணீர்க் குழாய் என்று விளக்கினேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு பெண்குதிரையை வரைந்து வந்தாய். மண்ணிறம், முன்னங்கால் இரண்டும் வெள்ளை, கழுத்துப் பாசியில் மழைத்துளி. பெயர் மடுல்கெல்ல.

"இது உனக்கு. உன்ர பேரில பதிஞ்சாச்சு" என்றாய். அன்றைக்குத்தான் முதன்முதலாக 'நீ' என்று கூப்பிட்டாய்.

அதன் பிறகு எனக்கும் ஒரு கணக்குப் பெயர், ஒரு குதிரை. உன் ஆனையிறவுக்கும் என் மடுல்கெல்லவுக்கும் பிறக்கப்போகும் குட்டியை எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். கொம்பு வரச் சாத்தியம் இருந்தது. அனுமதி கிடைத்தது. குட்டியை நீ வரைய வேண்டியதுதான் பாக்கி.

பொலிஸார் உன்னைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு புதன்கிழமைக் காலை, நீ வேலைக்குக் கிளம்பும் நேரம். அறையைச் சோதித்தவர்களுக்குக் கிடைத்தது உன் பெரிய வம்சாவளித் தாள். பெட்டிகள், கோடுகள், வடக்கு ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கில எழுத்துக்களும் இலக்கங்களும். அவர்களுக்கு அது இயக்கத்தின் இரகசியப் படமாகத் தெரிந்திருக்க வேண்டும். மடுல்கெல்ல என்ற பெட்டியின் கீழே, உரிமையாளர் என்ற இடத்தில், என் பெயர்.

இரண்டு நாள் கழித்து என்னை வரச் சொன்னார்கள். கிளம்பும்போது நானா கடை வாசல் வரை வந்தார். "மகள், ஸ்கேன் பண்ற வேல மட்டும்தான்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வாணாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன ஒருவரை அந்த மாதம்தான் பிடித்திருந்தார்கள். அவர் மனைவி அடையாள அட்டைப் பிரதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எங்கெங்கோ அலைந்ததை நான் பார்த்திருந்தேன்.

மேசையில் உன் தாளை விரித்து நாலு மூலைக்கும் பாரம் வைத்திருந்தார்கள். விசாரித்தவர் நரைத்த மனிதர், அதட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "நங்கி" என்று தங்கச்சியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, இது என்ன படம் என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்திலேயே, ஒருவேளை அந்த ஊரிலேயே, அந்தத் தாளை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கத் தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும்தான். நான் தெரியாது என்றேன்.

"இந்தத் தாளை வைத்திருந்தவரைத் தெரியுமா?"

"கடைக்கு வருவாங்க. ஸ்கேன் பண்ணிக் குடுப்பேன். பேசினதில்ல."

"இந்தப் பெயர் உங்களுடையதா?"

அந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பஸ் நிலையம் வரை நடந்து, ஒரு கடையில் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அது தொண்டைக்குள் இறங்கியது. அப்படி இறங்கியதை நினைத்தால்தான் இப்போதும் என் மேல் வெறுப்பு வருகிறது.

உன்னைத் தெற்கே ஏதோ தடுப்பு முகாமுக்கு மாற்றியதாகக் கேள்விப்பட்டேன். குழுவின் பக்கத்தை நான் திறக்கவில்லை. யாராவது பார்ப்பார்கள், எதையாவது எதனோடாவது சேர்ப்பார்கள் என்ற பயம். நீ போய் ஐந்தாம் மாதம் என் மின்னஞ்சலுக்கு அந்தக் குளிர்நாட்டுப் பெண் எழுதியிருந்தாள். உன் தோழியைக் காணவில்லை, சுகயீனமா, ஆறு மாதம் வராதவரின் குதிரைகள் பொது மேய்ச்சலுக்குப் போய் மற்றவர்களுக்குப் பங்கிடப்படும் என்பது உனக்குத் தெரியும், ஏதாவது காரணம் இருந்தால் ஒரு வரி எழுது, நிறுத்திவைக்கிறோம் என்று. ஒரு வரி. நான் அந்தக் கடிதத்தை அழித்தேன். அன்றைக்கே என் கணக்கையும் மூடினேன்.

பிறகு ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், பொறுக்காமல் பார்த்தேன். உன் முப்பத்தொரு குதிரைகளும் பங்கிடப்பட்டிருந்தன. புது உரிமையாளர்கள் புதுப்பெயர் வைத்திருந்தார்கள். பளைக்கு யாரோ ஒரு மிட்டாயின் பெயர். ஆனையிறவு யாருடையதென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

பதினொரு மாதம் கழித்து நீ கடைப் படியேறி வந்தாய். குற்றம் எதுவும் இல்லையென்று விட்டுவிட்டார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாய். நானா எழுந்து உனக்குத் தன் கதிரையைத் தந்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

"பக்கத்தைத் திற" என்றாய்.

"வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்."

"திற."

திறந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாய். குதிரைகளைப் பங்கிட்ட அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தாய். "சரியாத்தான் செய்திருக்கினம். ஆறு மாசம் எண்டு நான்தானே எழுதினனான்" என்றாய்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "என்னக் கேட்டு எழுதினாங்க. நான் பதில் போடல. அங்க கூப்பிட்டப்பவும் ஒன்ன தெரியாதுன்னு சொன்னேன்."

"தெரியும். எனக்கு அதை வாசிச்சுக் காட்டினவங்கள்."

உன் குரலில் கோபம் இல்லை. பயந்தால் எல்லாரும் அப்படித்தான், உன்னுடைய இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றாய். நீ சொல்லியிருக்க மாட்டாய். இரண்டு பேருக்குமே அது தெரியும்.

பிறகு கேட்டாய், "மடுல்கெல்ல எங்க?"

"கணக்க மூடிட்டேன். அதுவும் அதோடயே போயிருச்சு."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பதினொரு மாதத்தையும் தாண்டி வந்த முகம் அப்போதுதான் உடைந்தது. "அது உன்ர. என்ர எல்லாம் போகும் எண்டு எனக்குத் தெரியும். அது ஒண்டு வெளியில உன்னட்ட இருக்குது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

நீ எழுந்தாய். உறையும் இல்லை, பென்சிலும் இல்லை. ஒரு சின்னப் பை. திருகோணமலைக்கு பஸ், அங்கிருந்து கப்பல், பிறகு கொடிகாமம் என்றாய். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாய்.

சண்டை முடிந்தது. பாதை திறந்தது. நான் ஒரு முறையும் வரவில்லை. தைப்பொங்கலுக்கு இரண்டு முறை எழுதினேன். ஒன்றுக்குப் பதில் போட்டாய். அம்மாவுக்குச் சுகமில்லை, பள்ளிக்கூடமொன்றில் எழுதுவினைஞர் வேலை, மழை இல்லை. குதிரை பற்றி ஒரு சொல் இல்லை. நீ திரும்பவும் கீறத் தொடங்கியிருப்பாய் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஞாயிறு உன் தம்பியிடம் அதைத்தான் கேட்டேன், அக்காவின் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்று.

"அக்கா படம் கீறுவாவோ? எங்களுக்குத் தெரியாதே" என்றான்.

நான் விளக்கவில்லை. எங்கே தொடங்குவது?

ஆறுதலாக எழுதி முடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீ மன்னித்தாயா என்று கேட்க இப்போது ஆளும் இல்லை. அந்தச் சட்டங்கள் முழுக்க எனக்கு மனப்பாடம். அவற்றைச் சிங்களத்தில் சொல்லவும் பழகிவிட்டேன். கடை பூட்டி வத்தேகமப் பக்கம் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, மனதுக்குள் அந்த நரைத்த மனிதரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு போகிறேன். சேர், இவை குதிரைகள். இந்த எழுத்து நிறத்துக்கு. இந்த இலக்கம் எத்தனையாவது தலைமுறை என்பதற்கு. ஊர்ப் பெயர்கள் ஏனென்றால், அவளுக்கு வீட்டுக்குப் போக வழி இல்லை. இதைக் கீறியவளை எனக்கு நன்றாகத் தெரியும், சனிக்கிழமைதோறும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். முன்னங்கால் இரண்டும் வெள்ளையாக இருக்கும் இந்தக் குதிரை என்னுடையது. கீழே இருப்பது என் பெயர்.

ஒரு பிழை இல்லாமல் சொல்கிறேன். ஒரு நாளும் குரல் நடுங்கியதில்லை.