வலது பக்கத்து டை

அம்பத்தூர்,
மார்ச் 3

வர்ஷா அப்பாவுக்கு,

பூந்தமல்லி தாண்டி, நீங்கள் பார்ட்ஸ் அடித்துக் கொடுக்கும் கார் கம்பெனி போன வெள்ளிக்கிழமை கடைசி வண்டியை வெளியே விட்டுவிட்டு கேட்டைச் சாத்திவிட்டது. போனில் பேசினால் இரண்டாவது பேச்சிலேயே சண்டை வருகிறது. வர்ஷாவைத் தூது விட்டால் 'உங்க ரெண்டு பேர் நம்பரையும் பிளாக் பண்ணிடுவேன்' என்கிறாள். அதனால்தான் இந்தக் காகிதம்.

இங்கே மார்க்கெட்டே கலங்கிக் கிடக்கிறது. அந்தக் கார் பார்ட்ஸ் எங்கே கிடைத்தாலும் அள்ளிப் பதுக்குகிறார்கள். புனேயிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் என்னையே கூப்பிட்டு ஸ்டாக் கேட்கிறார்கள். கம்பெனி மூடினால் வண்டி நின்றுவிடுமா? இன்னும் பத்து வருஷம் ஓடும், கதவு தொங்கும், கீல் கேட்டு வருவான். என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருப்பது இரண்டு மாதச் சரக்கு. அதற்குப் பிறகு பாதி ஷட்டரை இறக்கவேண்டியதுதான்.

தகட்டை அழுத்திக் கதவுக் கீல் அடிக்கிற இரும்பு அச்சு, அந்த டை, வலதும் இடதும், முத்தாபுதுப்பேட்டை ஷெட்டில் உங்கள் பிரஸ் மெஷினில்தானே இருக்கிறது? கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டதா, உங்களுக்கே விட்டுவிட்டதா? அதை மட்டும் எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பத்மா


முத்தாபுதுப்பேட்டை,
மார்ச் 7

பத்மாவுக்கு,

சாப்பிடுகிறேன்.

டை இரண்டையும் இரும்பு விலைக்கு எனக்கே விட்டுவிட்டார்கள். அதில் வெட்டியிருக்கும் கம்பெனி முத்திரையை அழித்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

'கடைக்கும் கொஞ்சம் அடிச்சுக் குடுங்க' என்று நீ கேட்டபோது, அடுத்தவன் டையில் ஒரு பீஸ்கூட வெளியே போகாது என்றேன். 'அப்போ கம்பெனியையே கட்டிக்கிட்டுக் குடித்தனம் பண்ணுங்க' என்றாய். அன்றைக்கு வீட்டை விட்டு ஷெட்டுக்கு வந்தவன்தான். இப்போது அந்தக் குடித்தனமும் போச்சு. நன்றாகச் சிரித்துக்கொள்.

டெல்லிப் பார்ட்டி ஒருவன் இரண்டையும் முத்திரையோடு கேட்கிறான். பெரிய விலை சொல்கிறான். ஷெட்டில் ஆறு பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்ப அது போதும். உனக்கு வேண்டுமென்றால் நேராகக் கேள்.

உத்தமன்


அம்பத்தூர்,
மார்ச் 10

வர்ஷா அப்பாவுக்கு,

எனக்கு வேண்டாம். இரும்பை வாங்கி எங்கே வைப்பேன்? டெல்லிக்காரனுக்கே கொடுங்கள்.

ஆனால் முத்திரையோடு கொடுத்தால் அவன் அடிக்கிற டூப்ளிகேட்டெல்லாம் ஒரிஜினல் டப்பாவில் என் கவுண்டருக்குத்தான் வந்து நிற்கும். மாட்டினால், யார் ஷெட்டிலிருந்து போன டை என்று கேட்பார்கள். ஒரு பீஸ் வெளியே போகாது என்று சொல்லி வீட்டை விட்டுப் போன மனுஷர், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பத்மா


முத்தாபுதுப்பேட்டை,
மார்ச் 15

பத்மாவுக்கு,

நேற்று நாகேந்திரன் என்று ஒருவன் வந்தான். பூந்தமல்லியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறானாம். 'அண்ணாத்தே, ரைட் சைடு டை மட்டும் குடு. லெஃப்டு இன்னாத்துக்கு, அது சும்மா தூங்கிகினு கெடக்கும்' என்றான்.

டை வாங்க வருகிறவன் ஜோடியாகத்தான் கேட்பான். டெல்லிக்காரனும் அப்படித்தான் கேட்டான். டிரைவர் பக்கத்துக் கதவுதான் நாளெல்லாம் திறந்து மூடுகிறது, இடது ஒன்று போனால் வலது மூன்று போகும் என்று சோற்றில் கை வைத்தபடி எனக்குச் சொன்னவள் நீ ஒருத்திதான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, 'உங்க மொதலாளியம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?' என்று கேட்டேன். 'இப்போ பரவால்ல சார்' என்றவன், நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வேண்டாம் என்று எழுதிவிட்டு, கட்டின புருஷனிடம் ஆள் வைத்துப் பேரம் பேசுகிறாய். நான் உனக்கு யாரோ ஒரு பார்ட்டி ஆகிவிட்டேனா?

உன் கடிதம் வந்த அன்றே முத்திரையை கிரைண்டர் போட்டு அழித்துவிட்டேன். டெல்லிக்காரன் விலையைப் பாதியாக்கிவிட்டான். வியாழக்கிழமை வண்டியோடு வருகிறான். பாதிக்கே கொடுக்கப் போகிறேன். வலதை மட்டும் பிரித்து யாருக்கும் தருவதாக இல்லை. உனக்கும்தான்.

உத்தமன்


அம்பத்தூர்,
மார்ச் 16

வர்ஷா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாகேந்திரனிடமே கொடுத்தனுப்புகிறேன். இனி அவன் எதற்கு ஒளிய வேண்டும்.

ஆள் அனுப்பியது விலைக்காக இல்லை. நேராகக் கேட்டு நீங்கள் மாட்டேன் என்றுவிட்டால், அதற்கு மேல் உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. டையை வாங்கிவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். வாங்கி, பிரஸ் மெஷின் இல்லாமல் நான் எதில் அடிப்பது என்பது பிறகுதான் உறைத்தது.

நேராகவே கேட்கிறேன். விற்காதீர்கள், எனக்கும் விற்க வேண்டாம். டை இரண்டும் ஷெட்டிலேயே இருக்கட்டும். நீங்கள் அடியுங்கள், நான் விற்கிறேன். டப்பாவில் உங்கள் பெயர் போடலாம். புனே ஆர்டரையும் கோயமுத்தூர் ஆர்டரையும் சேர்த்தால் ஆறு பேரில் ஒருவரையும் அனுப்ப வேண்டியதில்லை. வலது ஒன்றுக்கு நூற்றி நாற்பது தருகிறேன். இடது மெதுவாகத்தான் போகும், அதற்கு நூற்றி இருபது. வண்டிக்கூலி உங்களுடையது. நீங்களே கொண்டுவந்தால் அதுவும் மிச்சம்.

வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

பத்மா


முத்தாபுதுப்பேட்டை,
மார்ச் 18

பத்மாவுக்கு,

டெல்லிக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் திட்டினான்.

நூற்றி நாற்பது சரி. ஆனால் இடதுக்கும் அதே விலைதான், இரண்டுக்கும் ஒரே தகடு, ஒரே உழைப்பு. மூன்று வலதுக்கு ஒரு இடது நீ எடுத்தாக வேண்டும், திரும்ப அனுப்பக் கூடாது. திங்கட்கிழமைதோறும் நானே கொண்டுவந்து கடையில் இறக்குகிறேன். வண்டிக்கூலி என்னுடையது, மத்தியானச் சாப்பாடு உன்னுடையது.

உத்தமன்