மறு ஓட்டத்தில் மூன்று பேர்

ஸவித்னோ,
3 நவம்பர் 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். சுவீடனில் குளிர் ஏறியிருக்கும். முழங்காலை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது விழாக் குழு. பழைய ரசிகர்கள் ஐந்தாறு பேர். பனி போன பிறகு நடக்கும் முதல் போட்டியன்று, ஊரின் பெரிய ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களின் பெயர்களை அரங்கச் சுவரில் பொறித்துத் திறக்கப்போகிறார்கள். திறந்துவைக்க நீங்கள் வர வேண்டுமாம். அழைப்பு இவ்வளவுதான். இனி எழுதுவது நான்.

முந்தாநாள் சகல புனிதர் திருநாள். வழக்கம்போல் ஊரே கல்லறையில். இறந்த வீரர்களின் கல்மேல் மஞ்சளும் நீலமுமாய் விளக்குகள், நம் பந்தயக் கழகத்தின் கழுத்துத்துணிகள். குழுத் தலைவர் ஹியரோனிம் பழைய சாம்பியன் டோலாத்தாவின் கல்லறைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "இவன் கிளட்சை விட்டா மத்த மூணு பேரும் மண்ணைத்தான் தின்னாங்க" என்றார். பக்கத்தில் நின்ற பல் டாக்டர் விடவில்லை. "யோவ், மழைத் தூறல் விழுந்தா உங்க டோலாத்தாவுக்கு வயித்துவலி வந்துரும். ரதாய்ச்சாக் கணக்கா ஆகுமா? பன்னெண்டு வருஷம் அவன் பின்சக்கரத்தைத் தவிர எவனாவது எதையாவது பார்த்தானா?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரதாய்ச்சாக்கின் மகள்.

ஸெவரின் வோய்தாவின் கல்லிலும் விளக்குகள் எரிந்தன. ஆனால் குழுவின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். ஹியரோனிம் கையைப் பிசைந்தார். "தங்கமான ஆளும்மா. உங்கப்பாவை இந்த ஊர்ல நாலு தடவை ஜெயிச்சது அவன் ஒருத்தன்தான். ஆனா எழுபத்திமூணு இறுதிப் போட்டியில தப்பு அவன் மேலன்னு நடுவரே விலக்கிட்டாரே. அதை எப்படி இல்லேங்கறது?"

விதி உங்களுக்குத் தெரியும். எனக்காகத்தான் எழுதிப் பார்க்கிறேன். ஒருவர் விழுந்து ரேஸ் நின்றால், காரணம் இவர் என்று ஒருவரை விலக்க வேண்டும். மற்ற மூவரும் மறுபடி ஓடுவார்கள். விழுந்து எழுந்தவர் நடுவரிடம் கத்தலாம். எழாதவர் கத்த முடியாது.

அன்று மறு ஓட்டத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். உங்களைத் தூக்கி மூன்று முறை வானத்தில் எறிந்தார்கள். மூன்றாவது முறை நீங்கள் கீழே வரும்போது ஆஸ்பத்திரியில் ஸெவரின் இறந்திருந்தார்.

நேற்று லுத்விகா அத்தையைப் பார்க்கப் போனேன். கணவர் ஸெவரின் போன பிறகு அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, உங்களுக்குத் தெரியும். தெரியாதது: வயிற்றில் கட்டி. மிகவும் மெலிந்துவிட்டார். எனக்கு முட்டைக்கோஸ் சூப் ஊற்றிவைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடி முழிக்கிற? இந்த இடுப்புக்கு நான் இருபது வயசுல பட்டினி கிடந்தேன். இப்பதான் கிடைச்சிருக்கு" என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து அந்த இறுதிப் போட்டி நாளின் நிரல்தாளை எடுத்தார். நம் ஊரில் யார்தான் பென்சில் இல்லாமல் போட்டிக்குப் போகிறார்கள்? அவரும் அன்று ஒவ்வொரு ரேஸின் முடிவையும் அதில் நிரப்பியிருக்கிறார். ஸெவரின் வேலியில் மோதியதைக் கண்ணால் பார்த்தார். இருக்கையிலிருந்து எழுந்து நின்றார். அப்போது ஒலிபெருக்கி சொன்னது: நீலத் தலைக்கவசம் விலக்கப்பட்டது. அந்த ரேஸில் நீலம் ஸெவரின்.

"குனிஞ்சு எழுதினேன் யூதித்தா. புருஷன் மண்ணுல கிடக்கான். நான் அவன் பேருக்கு நேரா விலக்குன்னு எழுத்து போடறேன். கை பழகிப்போச்சு. எழுதி முடிச்சிட்டுத்தான் ஓடினேன்."

அந்த எழுத்து அழகாக இருக்கிறது அப்பா. நடுங்காத எழுத்து.

அழித்துவிடலாமே என்றேன். "நான் அழிச்சா அது பொஞ்சாதி அழிச்சது. அங்க அவன் பக்கத்துல இருந்தது உங்கப்பன் ஒருத்தன்தான்" என்றார்.

அப்போது சொன்னேன். இருபத்தொரு வருடத்தில் முதல் முறை. எனக்கு ஏழு வயது, இரண்டாம் வளைவில் வேலியோரம் அம்மாவோடு நின்றேன். வெளிப்பக்கம் ஸெவரின் உங்களைத் தாண்டப் பார்த்தார். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். பார்த்த பிறகு வண்டியை நிமிர்த்தி, அவரை வேலிவரை தள்ளிக்கொண்டு போனீர்கள். "அப்பா ஏன் அந்த மாமாவை இடிச்சார்?" என்று கேட்டேன். அம்மா என் வாயில் ரொட்டியைத் திணித்தாள். சாகும்வரை அதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

லுத்விகா அத்தை அழவில்லை. என் தட்டை எடுத்துக் கழுவினார். "ஏழு வயசுப் புள்ள பார்த்ததை எந்த நடுவர் கேப்பான்?" என்றார். தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு, "உங்கப்பனே சொல்லட்டும். சுவரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எனக்குத் தெரிஞ்சா போதும்."

பந்தய வண்டிக்குப் பிரேக் கிடையாது, நொடியில் நடந்தது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். பதினைந்து வருடமாக ஏன் ஊருக்கு வரவில்லை என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஹியரோனிமுக்கு என்ன பதில் சொல்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். இது வேறு. ஒரு தாளில் ஒரு வரி, அன்று தப்பு யார் மேல் என்று. லுத்விகா வோய்தா என்று முகவரி எழுதி, கீழே முழுப் பெயரில் கையெழுத்து. தொலைபேசியில் வேண்டாம். தொலைபேசியில் நீங்கள் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள், நானும் விட்டுவிடுவேன்.

அத்தை கிறிஸ்துமஸ் வரை இருப்பார் என்றுகூட டாக்டர் சொல்லவில்லை. உங்கள் கடிதம் இங்கு வர எட்டு நாள் ஆகிறது.

நான் உங்களை வெறுக்கவில்லை. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கடவுள் உங்கள் கைக்குப் பலம் தரட்டும்.

உங்கள் மகள்,
யூதித்தா