உளுந்துக்கு முப்பத்தொரு விநாடி

நாள் 1, 07:40

நிலவின் தென்முனை, மூன்றாம் ஆய்வு நிலையம். எழுதுபவர் திருமாறன், உயிர்காப்புக் கருவிகளின் பொறியாளர். நிலையத்தில் தனியாக இருப்பவர் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. அவருக்குப் புத்தி பேதலித்தால் எந்த நாளில் பேதலித்தது என்று பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம்.

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. காற்றில் அம்மோனியா 2 புள்ளி. 15 வரை அனுமதி உண்டு. ஆய்வு வண்டி 07:05-க்குக் கிளம்பியது. உள்ளே இரண்டு புவியியலாளர்கள், நிலையத்தின் மருத்துவர் தமயந்தி. தமயந்தி என் மனைவி. திரும்ப வரப் பன்னிரண்டு நாள் ஆகும்.

என் பொறுப்பில் விட்டுச்சென்றவை: நிலையம், ஒரு பூனைக்குட்டி.

குட்டியின் பெயர் உளுந்து. நிறமும் அதுதான், முதலில் உருவமும் கிட்டத்தட்ட அதுதான். ஈர்ப்பு குறைந்த இடத்தில் விலங்கு குட்டி போடுமா என்று பார்க்கும் சோதனையில் பிறந்த மூன்றில் இது ஒன்றுதான் பிழைத்தது. வயது ஒன்பது வாரம். மணல் தட்டில் சிறுநீர் கழிக்க மறுக்கிறது. வேறு எங்கும் கழிக்க அதற்குத் தயக்கம் இல்லை.

கதவை மூடும்போது தமயந்தி அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். எனக்கு, வடிகட்டியை மாற்ற மறக்காதே என்றாள்.

நாள் 2, 18:15

வடிகட்டி மாற்றினேன். குட்டியைத் தட்டில் மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் மணலைப் பிராண்டிவிட்டு வெளியே பாய்ந்து என் சாக்ஸில் கழித்தது. அம்மோனியா 4.

18:00-க்கு தமயந்தியின் அழைப்பு. "உளுந்து சாப்பிட்டாளா? தட்டுல போனாளா? காது சூடா இருக்கான்னு தொட்டுப் பாத்தியா?" நான் எல்லாவற்றுக்கும் விவரமாகப் பதில் சொன்னேன். கடைசியில், "நீ எப்படி இருக்க?" என்றாள். நல்லா இருக்கேன் என்றேன்.

பதிவுக் கருவி ஒவ்வொரு அழைப்பையும் அளந்து வைக்கிறது. பூனையைப் பற்றி அவள் பேசியது முப்பத்தொரு விநாடி. என்னைப் பற்றி இரண்டு. பொறியாளன் என்பதால் எண்ணைக் குறித்து வைக்கிறேன். வேறு காரணம் இல்லை.

நாள் 3, 12:30

வேறு காரணம் உண்டு. எழுதிவிடுகிறேன், வயிறு எரிகிறது.

இங்கே சுழல் அறை என்று ஒன்று இருக்கிறது. நீளமான கையின் முனையில் கட்டிய சின்னப் பெட்டி. அது சுற்றும்போது உள்ளே இருப்பவருக்குப் பூமியில் இருப்பது போல் முழு எடை வந்துவிடும். எலும்பு கரையாமல் இருக்கத் தினமும் இரண்டு மணி நேரம் எல்லோரும் அதில் படுத்தாக வேண்டும். வந்த புதிதில் நானும் தமயந்தியும் ஒன்றாகத்தான் படுப்போம். பிறகு, இடம் போதவில்லை, தனித்தனியாகப் போகலாம் என்றாள். சரி என்றேன். குட்டி பிறந்த மறுவாரம் அதை மட்டும் தூக்கிக்கொண்டு போனாள். அதற்கு இடம் போதுமாம்.

ஒருவனுடைய மனைவியிடம் பங்கு கேட்க இன்னொருத்தன் வந்தால் உலகம் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. அறுநூறு கிராம் எடையில் ஒரு பங்காளி வந்தால் அதற்குப் பெயர் இல்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது, சிரிப்பார்கள்.

இன்று விதிப்படி குட்டியைச் சுழல் அறையில் விட்டேன். தமயந்தியின் தலையணையில் ஏறி, அழகாக உட்கார்ந்து, கண்ணை மூடி நனைத்தது. இடம் பிடிக்கிறது. எனக்குப் புரியாமல் இல்லை. உறையைத் துவைத்துப் போட்டேன். அம்மோனியா 7.

நாள் 4, 10:05

மேலே சுற்றுப்பாதை நிலையத்திலிருந்து லூர்துசாமி அழைத்தார். விலங்குச் சோதனைகளின் அதிகாரி. எதற்கும் படிவம் வைத்திருப்பவர். "அம்மோனியா பதினஞ்ச தாண்டுச்சுன்னா பூனை அங்க இருக்க முடியாது சார். பன்னெண்டாம் நாள் சரக்குக் கலம் வருது. பழக்க முடியலன்னு பொறுப்பாளர் எழுதிக் குடுத்தா ஏத்தி அனுப்பிடலாம்."

மேலே போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். எலும்பை எடுத்துப் பார்ப்பாங்க என்றார். உயிரோடு இருக்கும் பூனையின் எலும்பை எடுத்துப் பார்க்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

பொறுப்பாளர் யார் என்று படிவத்தில் பார்த்தேன். தமயந்தி ஊரில் இல்லாதபோது நான்.

நாள் 5, 18:20

பூனை: நாற்பத்து நான்கு விநாடி. நான்: மூன்று. இடையில், "என் செல்லத்த ஒரு தடவ கேமரா முன்னாடி காட்டேன்" என்றாள். நான் முன்னால் வந்தேன். "நீ மறைக்கிற" என்றாள்.

அம்மோனியா 10.

நாள் 6, 15:50

இன்று கண்டுபிடித்ததை முறையாக எழுதுகிறேன்.

குட்டி மணல் தட்டில் இறங்கியதைத் தரையோடு படுத்து, பக்கத்தில் இருந்து பார்த்தேன். இறங்குகிறது. பிராண்டுகிறது. இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான். பிராண்டிய மணல் கீழே விழாமல் கொத்தாக மேலே எழும்பி, அதன் தலைக்கு மேல் போய், நிதானமாகத் திரும்பி அதன் முகத்திலேயே இறங்குகிறது. குட்டி பயந்து ஓடுகிறது. கண்ணில் மண்ணைப் போடும் கழிப்பறைக்கு யார் போவார்கள்? துணி எழும்பாது. அதனால் சாக்ஸ், தலையணை.

சரிபார்த்தேன். மணல் தட்டைச் சுழல் அறைக்குள் வைத்து முழு எடையில் சுற்றவிட்டேன். குட்டி இறங்கியது, தோண்டியது, கழித்தது, மூடியது. மூடிவிட்டு என்னைப் பார்த்தது. அந்தப் பெருமையை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

பிறகு வெளியே, மணலைக் கொட்டிவிட்டு என் பழைய பனியன் ஒன்றைத் தட்டில் விரித்தேன். மாலைக்குள் இரண்டு முறை, இரண்டும் தட்டிலேயே. குட்டியிடம் ஒரு கோளாறும் இல்லை. இடம் பிடிக்கவும் இல்லை. நான்தான் அப்படிப் பார்த்தேன்.

தமயந்தியிடம் சொன்னால் துள்ளிக் குதிப்பாள்.

நாள் 7, 17:40

நேற்றைய அழைப்பு வரவில்லை, அவர்கள் மலைச்சரிவில் இருந்தார்கள். இன்று 18:00-க்கு வரும். அதோடு சரி, நாளை பெரிய பள்ளத்துக்குள் இறங்குகிறார்கள், பன்னிரண்டாம் நாள் மேடேறும் வரை தொடர்பு இருக்காது.

எனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அழைப்பில் முதலில் என்னைக் கேட்டால் பனியன் விஷயத்தைச் சொல்லிவிடுவேன். ஒரு வார்த்தை போதும். சாப்பிட்டியா என்றால்கூடப் போதும்.

நாள் 7, 18:09

"உளுந்து எங்க? தட்டுல போறாளா?" என்று தொடங்கி, "மாறா, அவ கண்ணுல ஏதாவது தூசி" என்பது வரை வந்தது. இணைப்பு அறுந்துவிட்டது. ஐம்பத்திரண்டு விநாடி. எனக்குப் பூஜ்யம்.

18:30. தட்டிலிருந்து பனியனை எடுத்துவிட்டேன். மணலை நிரப்பினேன்.

இந்தக் குறிப்பைத் தவிர வேறெங்கும் அதை எழுதவில்லை.

நாள் 9, 13:00

அம்மோனியா 14. கட்டுப்பாட்டு மேசை, என் காலணி, வடிகட்டியின் மூடி. திட்டவில்லை. துடைக்கிறேன். அலுவல் பதிவேட்டில் ஒவ்வொன்றையும் மணியோடு எழுதுகிறேன், நல்ல பிள்ளை மாதிரி.

ஓய்வு நேரத்தில் குட்டி என் மார்பில் ஏறிப் படுத்தது. இங்கே அதன் எடை நூறு கிராம்தான், ஒரு கை நிறைய அரிசி அளவு. தள்ளிவிட்டேன். திரும்ப வந்தது. தள்ளினேன். வந்தது. மூன்றாம் முறை கை தூங்கிப்போய்விட்டது என்று எழுதிக்கொள்கிறேன்.

அதற்கு அவள் இல்லாத குறை. நான் வெறும் சூடான இடம். அவ்வளவுதான்.

நாள் 10, 09:30

அம்மோனியா 16.

லூர்துசாமி படிவம் அனுப்பினார். "மேடம் வந்ததும் கேட்டுட்டு முடிவு பண்ணலாமே சார்? அடுத்த கலம் ஒரு மாசத்துல வரும்" என்றார். இரண்டு முறை கேட்டார். விதி என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். எல்லா முறைகளும் முயலப்பட்டன, பழக்க இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்து வழக்கம் போல நேராகவே விழுந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 12, 11:02

சரக்குக் கலம் 11:00-க்கு ஏறியது. கூண்டில் மூன்று நாளைக்குக் காற்று, தண்ணீர், உணவு. உள்ளே விரிக்க எதுவும் கொடுத்தனுப்பவில்லை. மூடும்போது கத்தவில்லை. என் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அம்மோனியா 13, இறங்கிக்கொண்டிருக்கிறது. நிலையம் அமைதியாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

நாள் 12, 11:44

வண்டி மேடேறிவிட்டது. பள்ளத்துக்குள் பதிவு செய்து வைத்திருந்த செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்தது. ஒன்பதாம் நாள் பேசியது. அப்படியே எழுதுகிறேன்.

"மாறா, இது உளுந்துக்கு இல்ல, உனக்கு. எப்ப வந்து சேரும்னு தெரியல. அன்னைக்கு லைன் கட் ஆனதுல இருந்து மனசே சரியில்ல. உன்னப் பத்தி ஒண்ணுமே கேக்கல நான். கேட்டாலும் நீ என்ன சொல்லப்போற? நல்லா இருக்கேன்னு முடிச்சிருவ. ஆறு வருஷமா அதே பதில்தான். பூனையப் பத்திக் கேட்டா மட்டும்தான் நீ பேசுற. எங்க நனைச்சா, எத்தனை தடவ தொடச்ச, எப்படித் திட்டுனன்னு மூச்சு விடாம சொல்ற. நீ தூங்குனியா, சாப்பிட்டியா, கோவமா இருக்கியா, எல்லாம் எனக்கு அதுலயே தெரிஞ்சிரும். அதான் எப்பவும் அவளையே முதல்ல கேக்குறேன். உன்னப் பேச வைக்க எனக்கு வேற வழி தெரியலடா. அப்புறம், சுழல் அறைக்கு உன்னக் கூட்டிட்டுப் போறதில்லன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தல்ல? நீ குறட்ட விடுற. சொன்னா வருத்தப்படுவன்னு இடமில்லன்னு சொன்னேன். வந்ததும் மூணு பேரும் போலாம். குறட்டையோடயே."

பிறகு பள்ளத்தைப் பற்றி, குளிரைப் பற்றி, என் கையால் ரசம் குடிக்க வேண்டும் போலிருப்பதைப் பற்றி. மூன்று நிமிடம் இருபது விநாடி. முழுவதும் எனக்கு.

நாள் 12, 11:58

லூர்துசாமியை அழைத்தேன். அறிக்கை பொய் என்று சொன்னேன். பனியனைச் சொன்னேன்.

"ஏறின கலத்த எறக்க முடியாது சார். மூணு மணிக்கு இங்க வந்துரும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆய்வகத்துக்கு எடுத்துப்பாங்க. உங்க கையெழுத்து இனிமே செல்லாது, நீங்களே பொய்னு சொல்லிட்டீங்க. நிறுத்தணும்னா மேடம் கையெழுத்துப் போடணும். காரணம் எழுதித்தான் போடணும்."

காரணம் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"நடந்தத எழுதுங்க" என்றார்.

நாள் 12, 14:30

படிவத்தைத் தயார் செய்துவிட்டேன். காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. நாலு முறை எழுதி அழித்தேன். கருவிக் கோளாறு என்று எழுதிப் பார்த்தேன். மணலின் தன்மை என்று எழுதிப் பார்த்தேன். அவள் மருத்துவர், ஒரு வரியில் பிடித்துவிடுவாள்.

வண்டியோடு இப்போது நேரடித் தொடர்பு இருக்கிறது. இரண்டு முறை ஒலிவாங்கியை எடுத்தேன். மற்ற இருவரும் கேட்பார்கள் என்பது சாக்கு. இரண்டு முறையும் திரும்ப மாட்டிவிட்டேன்.

நான் பேசுவதைக் கேட்கத்தான் அவள் அந்தப் பூனையைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பூனையைத்தான் நான் அனுப்பி வைத்தேன். இதை எந்த வாயால் சொல்வது?

நாள் 12, 16:25

வண்டியின் தூசி தெரிகிறது. வானொலியில் அவள் குரல், சிரிப்போடு. "மாறா, குட்டியத் தூக்கிட்டுக் கதவுகிட்ட நில்லு. தெறக்கும்போது ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சுழல் அறைக்குப் போய்ப் பார்த்தேன். தலையணை உறையில் நேற்றைய ஈரத்தின் வட்டம் காய்ந்து கிடக்கிறது. துவைக்கவில்லை. பனியன் என் கையில் இருக்கிறது.

நாள் 12, 16:41

வண்டி கதவோடு பொருந்திவிட்டது. அழுத்தம் சமம். பச்சை விளக்கு. கண்ணாடியில் தட்டுகிறாள். கதவை உள்ளிருந்துதான் திறக்க வேண்டும்.

இதை யார் கண்டெடுப்பார்களோ என்று நினைத்துத்தான் தொடங்கினேன். வேறு யாருக்கும் வேண்டாம். திறந்ததும் இதை உன் கையில் கொடுத்துவிடுவேன். வாயால் சொல்லத் தொடங்கினால் நல்லா இருக்கேன் என்றுதான் வரும்.

தமயந்தி, என் முகத்தைப் பார்க்காதே. ஏழாம் நாளுக்குப் போ. பதினெட்டு முப்பது என்று போட்ட வரியைப் படி. அதை அப்படியே படிவத்தில் காரணம் என்ற இடத்தில் எழுது. முதலில் கையெழுத்தைப் போடு. என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காலை எட்டு மணி வரைதான்

தட்டுகிறாள். என் பேரைச் சொல்லவில்லை, உளுந்து உளுந்து என்கிறாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள்.